மேலே கோட்டை, கீழே கல்லறை: பல காலம் கைமாறிய ஈம மேட்டை அகழும் முறை

அயர்லாந்தில் பாய்ன் ஆற்றங்கரையில் நௌத் என்றொரு மேடு. உயரம் சுமார் 12 மீட்டர். அடிவாரத்தைச் சுற்றி 120-க்கும் மேற்பட்ட ஓரக்கற்கள், உள்ளே கிழக்கு நோக்கி ஒன்றும் மேற்கு நோக்கி ஒன்றுமாக இரண்டு நடைவழிக் கல்லறைகள் (நீண்ட குறுகிய கல் வழி சென்று முடியும் சவ அறைகள்), பக்கத்தில் குட்டிக் கல்லறைகள். கட்டிய காலம் ஏறத்தாழ கி.மு. 3200. தொல்லியலாளர் ஜார்ஜ் ஓகன் 1962-ல் அங்கே அகழாய்வைத் தொடங்கினார். மேற்குக் கல்லறை 1967-லும் கிழக்குக் கல்லறை 1968-லும் வெளிப்பட்டன. வேலையோ நாற்பது ஆண்டுகள் நீண்டது.

அவ்வளவு காலம் இழுத்ததற்குக் கல்லறைகள் மட்டும் காரணமல்ல. கட்டியவர்கள் போன பிறகு, கி.மு. 2500 வாக்கில் கிழக்கு வாசலருகே யாரோ மரத்தூண்களை வட்டமாக நட்டார்கள். இரும்புக் காலத்தில் மேட்டைச் சுற்றிப் பிணங்களைப் புதைத்தார்கள். கி.பி. 7, 8-ஆம் நூற்றாண்டுகளில் மேட்டிலேயே இரண்டு வட்ட அகழிகளை வெட்டி அதை அரணாக்கினார்கள். வடக்கு ப்ரேகா என்ற சிற்றரசின் அரசர்களின் இருப்பிடம் அது. அதற்கும் பிறகு வீடுகள், கல் அடுக்கிய நிலவறைகள், நார்மன்கள், மெல்லிஃபான்ட் என்ற கிறித்தவத் துறவி மடத்தின் பண்ணை என்று வரிசை நீள்கிறது. கற்காலத்தைத் தேடிப் போகிறவர் இத்தனையையும் கடந்துதான் போக வேண்டும். கடப்பதென்றால் வாரிக் கொட்டுவதல்ல. குறிப்பேட்டில் ‘கலைந்த மண்’ என்று எழுதி மேலே உள்ளதை அள்ளி எறியும் பழக்கம் இன்றும் பல களங்களில் இருக்கிறது. அந்தக் கலைத்தலைச் செய்தவர்களும் மனிதர்கள்தான், அவர்கள் செய்ததும் வரலாறுதான். இந்தக் கட்டுரை அதை எப்படிக் கையாள்வது என்பதைப் பற்றியது.

தோண்டும் முன்

முதலில் அனுமதி. இந்தியாவில் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் அகழாய்வு கிடையாது. அயர்லாந்திலும் ஒவ்வொரு அகழாய்வுக்கும் உரிமம் வேண்டும். மனித எலும்புகள் கிடைக்கும் என்பது உறுதியான இடம் இது. அவற்றை யார் ஆய்வார், எங்கே வைப்பார்கள் என்பதை முதல் மண்வெட்டி விழுவதற்கு முன்பே எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து மேட்டின் உருவத்தை அளப்பது. டோட்டல் ஸ்டேஷன் என்னும் நில அளவைக் கருவியால் மீட்டருக்கு ஒரு புள்ளி எடுத்து, 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சமஉயரக் கோடுகள் வரையுங்கள். புல் குட்டையாக இருக்கும் பருவத்தில், வெயில் சாய்ந்த நேரத்தில் மேட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். உச்சியில் தட்டையான இடம் இருந்தால் அங்கே பின்னால் கட்டடம் இருந்திருக்கலாம். உச்சியில் கிண்ணம் போலப் பள்ளம் இருந்தால் புதையல் தேடியவர்கள் இறங்கிய குழி. இடுப்பில் ஒரு படி ஓடினால், பாதி தூர்ந்துபோன அகழி. பிறகு, தோண்டாமலே மண்ணுக்குள் இருப்பதைக் காட்டும் அளவீடுகள்: காந்தமானி, மண் மின்தடை, தரை ஊடுருவும் ரேடார். கல் நிறைந்த மேட்டில் மின்தடை அளவீடு குழப்பும். எரிந்த மண்ணையும் அகழிகளையும் காந்தமானி நன்றாகவே காட்டிக்கொடுக்கும்.

கண்ணுக்குத் தெரியும் நடுவை நம்பாதீர்கள். இங்கிலாந்தின் சட்டன் ஹூ இதற்கு நல்ல பாடம். அது 7-ஆம் நூற்றாண்டு மேடு, வரலாற்றுக்கு முந்தையதல்ல; ஆனாலும் பாடம் எல்லா மேட்டுக்கும் பொருந்தும். அங்கே முதல் எண் கொண்ட மேட்டின் மேற்குப் பகுதியை இடைக்காலத்து வயல் வரப்பு ஒன்று அறுத்துவிட்டது. அதனால் மேட்டின் நடு கிழக்கே தள்ளிப்போனதுபோல் தோன்றியது. பிற்காலத்துப் புதையல் திருடர்கள் அந்தப் பொய் நடுவில் குழி இறக்கினார்கள். சவ அறை அவர்கள் கையில் சிக்கவில்லை. 1939-ல் மேட்டுக்குள் புதைத்திருந்த கப்பல் வெளிப்பட்டபோது அவர்கள் விட்டுப்போன ஜாடி ஓடுகளும் கிடைத்தன. வரப்பு அறுத்ததால்தான் பொன் தப்பித்தது. அதே வரப்பைக் கவனிக்காத ஆய்வாளரும் தவறான இடத்தில்தான் ஆப்பு அடிப்பார். எனவே மேட்டைச் சுற்றியுள்ள பழைய அகழி அல்லது ஓரக்கல் வட்டத்தை வைத்து நடுவைக் கணக்கிடுங்கள்.

நான்கு கூறுகள்

வட்ட மேட்டுக்கு இன்றும் சிறந்தது நாற்கூறு முறைதான். பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் 1947-ல் கர்நாடகத்தின் பிரம்மகிரியில் பெருங்கற்கால ஈமச்சின்னங்களை இந்த முறையில் அகழ்ந்து காட்டினார். நம் ஊர்க் கல்வட்டங்களுக்கும் இதையே பின்பற்றுகிறார்கள்.

நடு ஆப்பிலிருந்து வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்கு என இரண்டு நூல்கள் கட்டுங்கள். நான்கு கூறுகளுக்கும் இடையில் ஒரு மீட்டர் அகல மண்சுவர் விட வேண்டும். களத்தில் பால்க் என்பார்கள். பலர் தவறுவது இந்த இடத்தில்தான். நூலை நடுவில் வைத்து இருபுறமும் அரை அரை மீட்டர் விட்டால், சுவரின் எந்த முகமும் மேட்டின் உண்மையான நடுவை வெட்டாது. நடுக்குழியின் விளிம்பு சுவருக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். அதனால் சுவரை நூலுக்கு ஒரு பக்கமாகவே தள்ளி வையுங்கள். வடக்குக் கையில் சுவர் நூலுக்குக் கிழக்கே, தெற்குக் கையில் நூலுக்கு மேற்கே, மேற்குக் கையில் நூலுக்குத் தெற்கே, கிழக்குக் கையில் நூலுக்கு வடக்கே. இப்போது வடமேற்கு, தென்கிழக்கு ஆகிய எதிரெதிர்க் கூறுகள் இரண்டை மட்டும் தோண்டினாலே, நடுவின் வழியே ஓடும் முழு வெட்டுமுகங்கள் இரண்டு கிடைத்துவிடும். ஒவ்வொன்றிலும் ஒரு பாதி எதிர்ப்பக்கத்திலிருந்து தெரிவதால், வரையும்போது அந்தப் பாதியைக் கண்ணாடிபோல் திருப்ப வேண்டும். திருப்பியதை வரைபடத்திலேயே எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது.

வெட்டுமுகம் 1:10, தரைப்படம் 1:20. சுவர் 1.2 மீட்டருக்கு மேல் உயர்ந்தால் படிப்படியாக உள்வாங்கி வெட்டுங்கள் அல்லது முட்டுக் கொடுங்கள். மேட்டு மண் கொட்டிய மண். மழைக்குப் பிறகு எச்சரிக்காமலே சரியும். நௌத் போன்ற பெரிய மேட்டில் நான்கு கூறு போதாது, கட்டம் பிரித்துப் பல ஆண்டுகள் செய்ய வேண்டிய வேலை. அங்கேயும் நடுவை வெட்டும் நீள முகங்களைக் காப்பது கட்டாயம்.

தோண்டும் வரிசை நிகழ்ந்த வரிசைக்கு நேர் எதிர். கடைசியாக வந்தது முதலில் வெளியேற வேண்டும். கேட்க எளிது. ஆனால் ஒரு கூறில் பண்ணை வீட்டின் தரையும் பக்கத்துக் கூறில் அகழி மண்ணும் ஒரே ஆழத்தில் தெரியும்போது, இரண்டையும் ஒரே அடுக்கு என்று இறக்கிவிடுவார்கள். ஆழம் காலம் அல்ல. மேட்டில் எல்லா அடுக்கும் சரிந்தே கிடக்கும். 10 சென்டிமீட்டர் 10 சென்டிமீட்டராகக் கிடைமட்டமாகச் சீவும் முறையை இங்கே மறந்துவிடுங்கள். அது சரிந்த அடுக்குகளைக் குறுக்கே அறுத்து ஆறு காலத்துப் பானை ஓடுகளை ஒரே பையில் போட்டுத் தரும்.

குழியின் வாய் எங்கே

மறுபயன்பாட்டைப் படிப்பதன் உயிர் இந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. ஒரு குழி எந்த அடுக்கிலிருந்து வெட்டப்பட்டது? அடியில் எங்கே முடிகிறது என்பதல்ல, வாய் எங்கே திறக்கிறது என்பதே அதன் காலத்தைச் சொல்லும். இரும்புக் காலத்தவர் ஒரு சவக்குழியைக் கற்காலத் தரைவரை இறக்கியிருக்கலாம். அடியை மட்டும் பார்த்தவர் அதைக் கற்காலப் புதைப்பு என்று எழுதிவிடுவார்.

குழியின் விளிம்பைக் காண்பது எப்படி? சந்தேகமான பரப்பைக் கரணையால் ஒரே திசையில், உங்கள் பக்கமாக இழுத்துச் சீவுங்கள். இரண்டு முறை சீவியதும் மண் காய்ந்து எல்லாம் ஒரே நிறமாகிவிடும். அப்போது கைத்தெளிப்பானால் பனித்துளி அளவில் நீர் தூவிப் பத்து நிமிடம் விடுங்கள். வெட்டி மறுபடி நிரப்பிய மண் தளர்வாக இருப்பதால் நீரை வேறு வேகத்தில் குடிக்கும், வேறு வேகத்தில் காயும். அந்த இடைவேளையில் விளிம்பு கோடாகத் தெரியும். தெரிந்த உடனே ஆணியால் கோடு கீறிப் படம் எடுங்கள். வெயில் காலத்தில் மாலையில் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி வைத்து, மறுநாள் விடியலில் சாய்ந்த ஒளியில் பார்த்தால் இன்னும் தெளிவு. நிறம் ஏமாற்றினால் கரணையின் பிடியால் தட்டிப் பாருங்கள், ஒலி மாறும். விரல் நுனியில் தேய்த்தால் நிரப்பு மண்ணில் கரிப்பொடி உறுத்தும்.

விளிம்பு தெரிந்ததும் முழுக் குழியையும் தோண்டாதீர்கள். பாதியை மட்டும் இறக்கி, வெட்டுமுகத்தைப் பார்த்து, வரைந்து, பிறகு மறுபாதி. வெட்டுக்குத் தனி எண், உள்ளே நிரம்பிய ஒவ்வொரு மண்ணுக்கும் தனி எண். வெட்டு என்பது ஒரு செயல், அதில் பொருள் எதுவும் இருக்காது. அதற்கு எண் தராமல் விட்டால் அந்தச் செயலைச் செய்தவர் பதிவிலிருந்தே மறைந்துபோவார். இந்த எண்களை எல்லாம் எட்வர்ட் ஹாரிஸ் 1973-ல் வகுத்த, எது எதற்கு முந்தியது என்று காட்டும் மேட்ரிக்ஸ் படத்தில் அன்றன்றே கோக்க வேண்டும். பருவம் முடிந்த பிறகு நினைவிலிருந்து போடும் மேட்ரிக்ஸ் வெறும் கற்பனை.

எலி வளையும் முயல் பொந்தும் மர வேரும் குழி மாதிரியே காட்சி தரும். வளை வளைந்து போகும், குறுக்களவு ஒரே மாதிரி இருக்கும், மண் பொருபொருவென்று இருக்கும். மனிதன் வெட்டிய குழிக்குப் பெரும்பாலும் ஒரு அடித்தளம் உண்டு. பொந்துக்குள் கிடந்த பானை ஓடு எதையும் எந்த அடுக்கோடும் சேர்க்காதீர்கள்.

இன்னொரு பொறி, தலைகீழ் அடுக்கு. நௌத் மேட்டில் அகழி வெட்டியவர்கள் தோண்டிய மண்ணை எங்காவது கொட்டித்தானே ஆக வேண்டும்? அந்த மண்ணில் கற்காலச் சிக்கிமுக்கிக் கல் இருக்கும். அது இடைக்காலத் தரைக்கு மேலே கிடக்கும். மேட்டு மண்ணை எடுத்துத் தரை போட்ட வீட்டில் கற்கால ஓடு கிடைத்தால் அந்த வீடு கற்கால வீடாகிவிடாது. ஓர் அடுக்கில் ஐயாயிரம் பழைய ஓடுகள் இருந்தாலும், சரியாக உள்ளே சிக்கிய ஒரே ஒரு பிற்கால மணி போதும். அடுக்கு அந்த மணிக்குப் பிற்பட்டது. அந்த மணி பொந்து வழியாக வந்ததா என்று பார்ப்பதுதான் உங்கள் வேலை.

அகழியை மறக்காதீர்கள்

மேட்டின் உச்சியை உழவும் மழையும் தின்றுவிடும். தின்றது முழுக்கச் சுற்றியுள்ள அகழியில் சேர்ந்திருக்கும். மேல் பகுதி முழுதும் போய்விட்ட மேட்டிலும் பிற்கால வரலாறு அகழியில் அடுக்கடுக்காகக் கிடைக்கும். இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் ஓவர்டன் டவுன் என்ற இடத்தில் 1960-ல் சோதனைக்காகவே ஒரு மேட்டையும் அகழியையும் கட்டி, குறித்த ஆண்டுகள் இடைவிட்டு வெட்டிப் பார்த்தார்கள். அகழியின் அடியில் சேரும் சரளை முதல் சில ஆண்டுகளிலேயே விழுந்துவிடுகிறது. அதற்கு மேலே வரும் மென்மண்ணுக்குத்தான் நூற்றாண்டுகள் ஆகின்றன. ஆகவே அடிச்சரளையில் கிடைப்பது மேட்டைக் கட்டியவர் காலம், நடு மண்ணில் கிடைப்பது மேடு சும்மா கிடந்த காலம், உச்சியில் உழவு மண். நடு மண்ணில் திடீரென ஒரு சாம்பல் பட்டையோ கல் வரிசையோ குறுக்கிட்டால் யாரோ திரும்பி வந்திருக்கிறார்கள். அகழியில் குறைந்தது நான்கு இடங்களில், வாசல் பக்கத்தையும் சேர்த்து, வெட்டிப் பாருங்கள்.

கல்லறைக்குள்ளே

நடைவழிக்குள் நுழைந்ததும் தரையைப் பார்க்கத் தோன்றும். முதலில் சுவரைப் பாருங்கள். நௌத் கல்லறைகளின் கற்களில் இடைக்காலத் தொடக்கத்து அயர்லாந்துக்காரர்கள் தங்கள் பெயர்களைக் கீறியிருக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவிலுள்ள மேஸ்ஹோ கல்லறையில் 12-ஆம் நூற்றாண்டு நோர்ஸ்காரர்கள் (ஸ்காண்டிநேவியர்) கூரை வழியே இறங்கி, ரூன் என்ற பழைய வடஐரோப்பிய எழுத்தில் முப்பதளவு கல்வெட்டுகளை விட்டுப்போனார்கள். இப்படிப்பட்ட மெல்லிய கீறல்களை நேர் ஒளியில் காண முடியாது. விளக்கைக் கல்லோடு ஒட்டியபடி பக்கவாட்டில் பிடித்து, எட்டுத் திசையிலிருந்தும் படம் எடுங்கள். சுண்ணக்கட்டி தேய்ப்பது, நீர் விட்டுக் கழுவுவது, தாள் வைத்துத் தேய்த்து எடுப்பது எதுவும் வேண்டாம்.

தரையைப் பிற்காலத்தவர் பெருக்கித் தள்ளியிருப்பார்கள் என்றே கொள்ளுங்கள். முதல் புதைப்பின் மிச்சம் செங்குத்துக் கற்களின் பின்னால், அவை நிற்கும் குழிகளுக்குள், கல் தொட்டிகளின் அடியில், இடுக்குகளில்தான் ஒதுங்கியிருக்கும். அங்கே உள்ள மண்ணை ஒரு பிடி விடாமல் எடுங்கள். கூரைக் கற்களின் இடுக்கில் அடைத்த மண்ணும் முக்கியம். நௌத்துக்கு அருகிலுள்ள நியூகிரேஞ்ச் கல்லறையில் தொல்லியலாளர் மைக்கேல் ஓகெல்லி கூரைக் கற்களுக்கு இடையில் அடைத்திருந்த எரிந்த மண்ணிலிருந்துதான் கட்டிய காலத்தைக் கணித்தார். பின்னால் வந்தவர் எவரும் கைவைக்க முடியாத இடம் அது.

நிலவறை வெட்டியவர்கள் பழைய நடைவழியில் முட்டி, அதையே தங்கள் வழியாக்கிக்கொள்வதும் உண்டு. கல் அடுக்கு மாறும் இடத்தைத் தேடுங்கள். பழையதில் பெரிய நிமிர்ந்த கற்கள், புதியதில் சிறு கற்களை அடுக்கிய சுவர். சந்திக்கும் இடத்தில் எது எதை வெட்டுகிறது என்பதைப் பார்த்து முடிக்கும்வரை ஒரு கல்லையும் நகர்த்தக் கூடாது.

செருகிய புதைப்புகள்

மேட்டின் தோளிலும் ஓரத்திலும் பிற்காலப் புதைப்புகள் வரிசையாக வரும். எலும்புக்கூட்டைக் கண்டதும் மேலிருந்து தோண்டி இறங்காமல், குழியின் விளிம்பிலிருந்து உள்நோக்கிப் போங்கள். மரக்கரண்டியும் தூரிகையும் போதும். ஒருவர் மேல் ஒருவராகப் புதைத்தது ஒரே நேரத்திலா என்பதை மூட்டுகள் சொல்லும். கீழே உள்ளவரின் கை மூட்டு விலகாமல் இருந்தால் தசை அழுகும் முன்பே மேலே உள்ளவர் வந்துவிட்டார், அல்லது பின்னால் வந்தவர் மிக எச்சரிக்கையாகத் தோண்டினார். நௌத்தில் தலை துண்டிக்கப்பட்ட இரண்டு ஆண்கள், விளையாட்டுக் காய்களோடும் பகடைகளோடும், ஒருவர் தலைமாட்டில் மற்றவர் கால் என்று ஒரே குழியில் கிடந்தார்கள். காய்களை எடுத்து வைத்த பிறகு அவை எந்தக் கைக்கருகே கிடந்தன என்று யாராலும் மீட்டெடுக்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் முப்பரிமாண அளவு கட்டாயம்.

தலை மேற்கே இருந்தால் கிறித்தவர் என்று உடனே முடிவு கட்டுவது வழக்கம். திசை ஒரு தடயம், அவ்வளவுதான். காலக்கணிப்பு வரும்வரை பெயர் சூட்டாதீர்கள்.

அமில மண்ணில் எலும்பே இருக்காது. சட்டன் ஹூவில் மேடுகளுக்கு அருகே பின்னாளில் கொலைத்தண்டனை பெற்றவர்களைப் புதைத்த குழிகளில், உடல் கறுத்த மணல் வடிவமாக மட்டுமே மிஞ்சியிருந்தது. மில்லிமீட்டர் மில்லிமீட்டராகச் சீவினால்தான் அந்த வடிவம் நிற்கும்.

எரித்த எலும்பு என்றால் முழுவதும் சேகரிக்க வேண்டும், மாதிரி எடுப்பது இங்கே செல்லாது. தாழியோடு கிடைத்தால் சுற்றிலும் மண்ணைக் குடைந்து, ஒட்டுப் பிலிமும் கட்டுத்துணியும் சுற்றி, கட்டியாகத் தூக்கி ஆய்வகத்தில் 2 சென்டிமீட்டர் 2 சென்டிமீட்டராகப் பிரியுங்கள். 10, 5, 2 மில்லிமீட்டர் சல்லடைகளில் சலித்து ஒவ்வொரு பங்கையும் எடை போடுங்கள். வளர்ந்த ஒருவரை எரித்தால் மிஞ்சுவது சுமார் 1 முதல் 2.4 கிலோ. உங்கள் தாழியில் 200 கிராம்தான் இருந்தால், சடங்குக்காக ஒரு பிடி மட்டும் இட்டிருக்கலாம், அல்லது பிற்காலக் குழி ஒன்று மீதியை வெட்டி எடுத்துப் போயிருக்கலாம். இரண்டாவது காரணம் என்றால் தாழியின் வாய் உடைந்து, ஒரு பக்கம் சீராக அறுந்திருக்கும். மற்ற மண்ணிலிருந்து அடுக்குக்கு 40 லிட்டர், சிறு அடுக்கென்றால் முழுதும், கருகிய விதைகளை நீரில் மிதக்கவிட்டுப் பிரிக்கும் மிதவைத் தொட்டிக்கு அனுப்புங்கள்.

காலக்கணிப்புக்கு எதை அனுப்புவது

ரேடியோகார்பன் காலக்கணிப்புக்குப் பெரிய கரித்துண்டை அனுப்பாதீர்கள். முந்நூறு ஆண்டு வாழ்ந்த மரத்தின் உட்புறக் கரி, அதை வெட்டிய காலத்தைவிட முந்நூறு ஆண்டு பழையதாகக் காட்டும். கருகிய தானியம், கொட்டைத் தோடு, மூட்டு பிரியாத எலும்பு ஆகியவையே நம்பத்தக்கவை. வெள்ளையாக எரிந்த எலும்பையும் இப்போது கணிக்கலாம். ஆனால் சிதை விறகின் கார்பன் அதில் ஏறியிருக்கக்கூடும். கடல் உணவு அதிகம் தின்றவர் எலும்பு சில நூற்றாண்டு பழையதாகக் காட்டும் என்பதால் கடலோர மேடுகளில் திருத்தம் தேவை.

கி.மு. 800 முதல் 400 வரை கார்பன் அளவை நாட்காட்டி ஆண்டாக மாற்றும் திருத்த வளைவு கிட்டத்தட்டத் தட்டையாக ஓடுகிறது. இந்தக் காலத்து ஒற்றை மாதிரி எதையும் நானூறு ஆண்டு வீச்சுக்குக் கீழே குறுக்குவது கடினம். இரும்புக் கால மறுபுதைப்பு என்று சந்தேகித்தால் ஒன்றுக்கு ஒன்று மேலாக உள்ள அடுக்குகளிலிருந்து வரிசையாக ஐந்தாறு மாதிரி எடுத்து, அடுக்கு வரிசையையும் கணக்கில் சேர்த்து பேசியன் என்ற புள்ளியியல் முறையில் கணியுங்கள்.

மேட்டின் அடியில் புதைந்த பழைய மேல்மண்ணையும் விட்டுவிட வேண்டாம். மகரந்தம், நத்தை ஓடு, உழுத கோடு எல்லாம் அங்கே உறைந்திருக்கும். நௌத் மேட்டின் அடியில் அதற்கும் முந்திய வீடுகளின் தடம் கிடைத்தது. ஈம இடமாக ஆவதற்கு முன் அது குடியிருப்பு. அப்படியானால் கல்லறைதான் அங்கே முதல் மறுபயன்பாடு.

மூடும் முன்

எல்லாவற்றையும் தோண்டித் தீர்க்காதீர்கள். குறைந்தது ஒரு கூறையாவது அடுத்த தலைமுறைக் கருவிகளுக்கு விட்டு வையுங்கள். உங்கள் அகழாய்வுக் குழியும் அந்த மேட்டின் இன்னொரு மறுபயன்பாடுதான், அதன் விளிம்பையும் யாராவது தேடுவார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்ட்ஷயர் மேடுகளைத் திறந்த வில்லியம் கன்னிங்டனும் ரிச்சர்ட் கோல்ட் ஹோரும், தாங்கள் திறந்ததைப் பொறித்த சிறு உலோக வில்லைகளை அடியில் போட்டு மூடினார்கள். அவர்களின் பதிவு முறை இன்றைய அளவுக்கு மோசம், இந்த ஒரு வழக்கம் மட்டும் தங்கமானது. குழியின் அடியிலும் விளிம்பிலும் நீர் புகும் துணி விரிப்பு விரித்து, அந்த ஆண்டு அச்சிட்ட நாணயங்களை மூலைகளில் போட்டு, சல்லடையில் கழித்த மண்ணால் 20 சென்டிமீட்டர் தடிமனில் அடுக்கடுக்காகக் கெட்டித்து நிரப்புங்கள். பிளாஸ்டிக் தாள் வேண்டாம். மேலே நீர் தேங்கிச் சரிவு வழுக்கிவிடும். நிரப்பிய மண் முதல் மழைக் காலத்தில் அமுங்கும், ஆகவே தரைமட்டத்துக்கு மேல் ஒரு சாண் கூடுதலாகக் குவித்துப் புல் பதியுங்கள்.